ரேட்டிங்கைத் திட்டும் முன்: பாய்மரப் படகுப் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013-இல் இங்கிலாந்தில் தொடங்கும் ஃபாஸ்ட்நெட் என்ற நெடுங்கடல் பாய்மரப் போட்டியில் ஒட்டுமொத்த வெற்றி ‘நைட் அண்ட் டே’ என்ற பத்து மீட்டர் படகுக்குப் போனது. அதில் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒரு தந்தையும் மகனும். எத்தனையோ பெரிய படகுகள் அவர்களுக்கு முன்பே கரைசேர்ந்திருந்தன. “பின்னால் வந்தவன் எப்படி ஜெயிப்பான்?” என்று கேட்பதுதான் முதல் தவறு. வேகம் வேறுபட்ட படகுகளை ஒரே போட்டியில் ஒப்பிட ஐஆர்சி என்றொரு முறை இருக்கிறது. அதில் ஒவ்வொரு படகுக்கும் ரேட்டிங் என்ற ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் திருத்திய நேரம். அது யாருக்குக் குறைவோ அவரே வென்றவர்.

அந்த எண் படகுக்குத்தான், ஓட்டுபவருக்கு அல்ல. கோல்ஃப் ஹேண்டிகேப் ஆடுபவரின் திறமையை ஈடுகட்டும். ஐஆர்சி அப்படிச் செய்யாது. படகின் அடியில் பாசி பிடித்திருந்தாலும் பாய் நைந்து தொங்கினாலும் எண் மாறாது. பாசியைச் சுரண்டாமல் ரேட்டிங்கின் மேல் புகார் எழுதுபவர்கள் எல்லாத் துறைமுகத்திலும் இருக்கிறார்கள்.

கணக்கில் நடக்கும் பிழை இன்னும் வேடிக்கை. 1.000 எண் உள்ள படகு 2 மணி நேரத்தில் முடிக்கிறது. 0.950 எண் உள்ள சின்னப் படகு 2 மணி 6 நிமிடத்தில். கால்குலேட்டரில் 2.06 என்று தட்டினால் சின்னப் படகு இரண்டரை நிமிடத்துக்கு மேல் முந்தியதாகக் காட்டும். ஆறு நிமிடம் என்பது 0.06 மணி இல்லை, 0.1 மணி. நொடியில் போடுங்கள்: 7,560 பெருக்கல் 0.950, அதாவது 7,182. மற்றதற்கு 7,200. சின்னப் படகுதான் வெற்றி, ஆனால் வெறும் 18 நொடியில்.

அமெரிக்காவில் பரவலான பிஹெச்ஆர்எஃப் என்ற இன்னொரு ரேட்டிங் முறையில் மெதுவான படகுக்கு மைலுக்கு இத்தனை நொடி என்று சலுகை தருவதும் உண்டு. அங்கே பாதையின் தூரத்தைக் குத்துமதிப்பாக எழுதினால் முடிவே புரண்டுவிடும். மைலுக்கு 60 நொடி வித்தியாசம் என்றால், ஒரு மைல் பிசகு ஒரு முழு நிமிடம்.

ஒரே போட்டியை வைத்து ரேட்டிங்கின் மேல் தீர்ப்பு எழுதுவதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். ஆஸ்திரேலியாவின் சிட்னி–ஹோபார்ட் போட்டியின் தூரம் 628 கடல் மைல். கடைசியில் ஹோபார்ட்டின் டெர்வென்ட் ஆற்றுக்குள் நுழையும்போது இரவாகிவிட்டால் காற்று அடியோடு செத்துப்போவதுண்டு. வெளிச்சம் இருக்கும்போதே நுழைந்தவர் தப்பித்தார். பின்னால் வந்தவர் பாய் தொங்க அங்கேயே மிதப்பார். கடிகாரம் நிற்காது. ஃபாஸ்ட்நெட்டில் இதே வேலையை நீரோட்டம் செய்யும்: இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்லண்ட் பில் முனையை ஓட்டம் திரும்பும் முன் கடந்த படகுக்கும், சற்றுப் பின்தங்கி எதிர்நீரில் மாட்டியதற்கும் இடைவெளி மணிக்கணக்கில் விரியும். ஐஆர்சி படகுக்குத் தருவது ஒற்றை எண். அதில் அன்றைய காற்றும் இல்லை, நீரோட்டமும் இல்லை. ஒரு பருவம் முழுக்க, பல காற்றில் வந்த முடிவுகளை அடுக்கிப் பார்த்துவிட்டு ரேட்டிங் குழுவிடம் போங்கள்.

எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தை ஐஆர்சி வெளியிடாததைச் சதி என்பவர்களும் உண்டு. வெளியிட்டால் வடிவமைப்பாளர்கள் கடலை விட்டுவிட்டுச் சூத்திரத்துக்குப் படகு கட்டுவார்கள்.