குறைந்த பட்ஜெட்டில் வேட்டைக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது தூரத்து விலங்கை முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு ஜூம்?" என்றுதான். கையில் பணம் குறைவாக இருக்கும்போது இந்தக் கேள்விதான் ஆளைத் தவறான பொருளிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. பெட்டியின் மேல் பெரிய ஜூம் எண்ணைப் போடுவது தயாரிப்பாளருக்கு மலிவான வேலை. நல்ல கண்ணாடி, அதன் மேல் ஒழுங்கான கோட்டிங் (பூச்சு), சரியாகப் பொருத்திய பிரிசம் (உள்ளே படத்தை நிமிர்த்திக் காட்டும் கண்ணாடிக் கட்டி) ஆகியவைதான் செலவு பிடிப்பவை. விலை குறையக் குறைய இவற்றில்தான் கை வைக்கிறார்கள். எண் மட்டும் அப்படியே இருக்கிறது, சில நேரம் கூடவும் செய்கிறது.

வாங்குவதற்கு முன் இந்தக் கருவிக்கு என்ன வேலை என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது பைனாகுலரின் வேலை. கண்டுபிடித்த விலங்கு சுடத் தகுதியானதுதானா என்று உறுதி செய்வது ஸ்கோப்பின் வேலை. அலாஸ்காவில் டால் காட்டுச் செம்மறி வேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கே பெரும்பாலான பகுதிகளில் கிடாயின் ஒரு கொம்பாவது, பக்கவாட்டில் பார்க்கும்போது 360 டிகிரி முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு கொம்புகளின் நுனியும் உடைந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கொம்பில் உள்ள வளர்ச்சி வளையங்களை எண்ணிப் பார்த்து, குறைந்தது 8 வயது ஆகியிருக்க வேண்டும். எதிர் மலையில் நிற்கும் கிடாயின் கொம்பில் வளையம் எண்ண பைனாகுலர் போதாது. தப்பாக எண்ணினால் சட்டமும் மீறப்படும், ஓர் இளம் உயிரும் வீணாகப் போகும். ஸ்கோப் இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான்.

அடர்ந்த காட்டில், 150 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத இடத்தில் வேட்டையாடுகிறவருக்கு இது தேவையே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல 10×42 (10 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலரும், அதை முக்காலியில் மாட்ட ஓர் அடாப்டரும் வாங்கலாம். முக்காலியில் நிற்கும் பைனாகுலர், கையில் பிடித்த பைனாகுலரைவிட எவ்வளவு காட்டுகிறது என்று ஒருமுறை பார்த்தவர்கள் ஸ்கோப் வாங்கும் யோசனையைத் தள்ளிப்போடுவதும் உண்டு.

60 மடங்கு என்ற ஆசை

20-60×60 என்று எழுதியிருந்தால் 20 முதல் 60 மடங்கு வரை உருப்பெருக்கம், முன்பக்க லென்ஸின் விட்டம் 60 மி.மீ. என்று பொருள். லென்ஸ் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகே வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 20 மடங்கில் 3 மி.மீ.; 60 மடங்கில் வெறும் 1 மி.மீ. பட்டப்பகலில் நம் கண்மணி 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அந்தி மங்கும்போது அது 5 மி.மீ. அல்லது அதற்கு மேலும் விரியும். விலங்குகள் வெளியே வருவது அந்த அந்தியிலும் விடியலிலும்தான். அப்போது 1 மி.மீ. ஒளியை வைத்துக்கொண்டு பார்த்தால் கொம்பு எது, பின்னால் இருக்கும் காய்ந்த கிளை எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்த சிக்கல் காற்று. வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூடான காற்று படத்தை அலையவிடும், தார்ச்சாலையில் தெரியும் அதே கானல்தான். எவ்வளவு விலை கொடுத்த ஸ்கோப்பும் இதை வெல்லாது. மடங்கு கூடக் கூட அலைச்சலும் கூடும். அனுபவம் உள்ளவர்கள் பகல் முழுக்க 25, 30 மடங்கிலேயே பார்த்துக்கொண்டிருப்பது இதனால்தான். மூன்றாவதாக, மடங்கைக் கூட்டினால் பார்வைப் பரப்பு சுருங்கும். 20 மடங்கில் 1000 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 35 மீட்டர் அகலம் காட்டும் ஸ்கோப், 60க்குப் போனால் அதில் பாதியைத்தான் காட்டும். விலங்கு நாலு எட்டு நகர்ந்தால் போதும், மறுபடி தேட வேண்டியதுதான்.

மலிவான 20-60 ஸ்கோப்களில் பெரும்பாலானவை 40ஐத் தாண்டியதும் மங்கிவிடும். அதே விலையில் 12-36×50, 15-45×60 போல அடக்கமான எண்ணுடன் வரும் ஸ்கோப் கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். தன்னால் முடிந்ததை மட்டும் சொல்கிற கருவி அது.

பெரிய லென்ஸ் எப்போதும் லாபம் இல்லை

ஒரே தரத்தில் இருந்தால் 80 மி.மீ. லென்ஸ் 65 மி.மீ. லென்ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளியை வாங்கும். உண்மைதான். நுணுக்கமும் கொஞ்சம் கூடும். 19ஆம் நூற்றாண்டு வானியலாளர் வில்லியம் டாஸ் தந்த கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், 1000 மீட்டரில் 65 மி.மீ. லென்ஸ் சுமார் 9 மி.மீ. இடைவெளியைப் பிரித்துக் காட்டும், 80 மி.மீ. சுமார் 7 மி.மீ. காற்று அசையாமல் இருந்து, கண்ணாடியும் குறையில்லாமல் இருந்தால்தான் அந்த 2 மி.மீ. வித்தியாசமே கிடைக்கும். மலிவான ஸ்கோப்பில் கண்ணாடியின் குறையே அதை விழுங்கிவிடும். பெரிய லென்ஸைக் குறையில்லாமல் செய்வது கடினம், செலவும் அதிகம். ஒரே விலைக்கு ஒரு 80, ஒரு 60 இருந்தால் 80இல் எங்கேயோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எடையையும் பாருங்கள். கனமான ஸ்கோப் கனமான முக்காலியைக் கேட்கும். மலையேறும்போது "இன்றைக்கு வேண்டாம்" என்று வண்டியிலேயே விட்டுப்போகிற ஸ்கோப்பால் யாருக்கும் பயன் இல்லை.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. வெளியே 80 மி.மீ. லென்ஸ் இருந்தாலும், உள்ளே இருக்கும் வளையமோ சிறிய பிரிசமோ ஒளியின் ஓரத்தை வெட்டிவிட்டால், உண்மையில் வேலை செய்வது 60 மி.மீ. ஆக இருக்கலாம். இதைச் சோதிக்க ஒரு சிறிய ஸ்கேல் போதும். ஸ்கோப்பை 20 மடங்கில் வைத்து, வெளிச்சமான சுவரையோ மேகத்தையோ நோக்கித் திருப்புங்கள் (சூரியன் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும்). ஐபீஸிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸ்) முகத்தை ஓர் அடி பின்னுக்கு எடுங்கள். கண்ணாடியில் ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதப்பது தெரியும். ஸ்கேலை அதன் குறுக்கே பிடித்து அளந்து, 20ஆல் பெருக்குங்கள். 80 மி.மீ. ஸ்கோப் என்றால் வட்டம் 4 மி.மீ. இருக்க வேண்டும். 3தான் இருக்கிறதா? நீங்கள் 80க்குக் காசு கொடுத்து 60 வாங்கப் போகிறீர்கள். வட்டத்தின் வடிவத்தையும் கவனியுங்கள். ஓரம் சாம்பல் நிறமாகி, சதுரம் போலத் தெரிந்தால் பிரிசம் தரம் குறைந்தது அல்லது அளவு போதாதது.

முக்காலியை மறப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் பெரியது என்பேன். பணம் முழுவதையும் ஸ்கோப்பில் போட்டுவிட்டு, பெட்டிக்குள் இலவசமாக வந்த ஒரு சாண் உயர மேசை முக்காலியை நம்புவார்கள். 40 மடங்கில் பார்க்கும்போது நடுக்கமும் 40 மடங்காகத் தெரியும். லேசான காற்று, விரல் ஃபோகஸ் வளையத்தைத் தொடுவது, பக்கத்தில் ஒருவர் நடப்பது, எல்லாமே படத்தைக் குலுக்கும். ஆடுகிற முக்காலியில் விலை உயர்ந்த ஸ்கோப்பை வைத்தால், உறுதியான முக்காலியில் நிற்கும் சாதாரண ஸ்கோப் காட்டுவதைக்கூட அது காட்டாது.

மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை முக்காலிக்கும் அதன் தலைப்பகுதிக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் ஸ்கோப் தேடுங்கள். கடையில் ஸ்கோப்பை முக்காலியில் மாட்டி, 30 மடங்கில் வைத்து, குழாயை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஓரிரு நொடியில் படம் நின்றுவிட்டால் சரி. நான்கைந்து நொடி ஆடிக்கொண்டே இருந்தால் வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தித்தான் கண்ணுக்கு எட்டுகிறது என்றால் அந்த முக்காலி உங்கள் உயரத்துக்குப் போதாது. தண்டை உயர்த்தினால் உறுதி போய்விடும். ஆனால் மலைச்சரிவில் மணிக்கணக்காக நோட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். நீங்களும் அப்படியென்றால் குட்டையான, உறுதியான முக்காலியே போதும், காசும் மிச்சம். காற்று அடித்தால் முதுகுப்பையை நடுவில் தொங்கவிடுங்கள், பை தரையை லேசாகத் தொடட்டும்.

தலைப்பகுதி விஷயத்தில், புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் பந்து வகை ஸ்கோப்புக்கு வசதிப்படாது. பூட்டைத் தளர்த்தினால் ஸ்கோப் மூக்கு குப்புறச் சாயும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் தனித்தனியாக மெதுவாக நகரும் ஃப்ளூயிட் ஹெட்தான் மலைச்சரிவை வரிசை வரிசையாகத் துழாவ ஏற்றது.

பெட்டியில் உள்ள வார்த்தைகள்

ஹெச்.டி. என்ற சொல்லுக்கு இந்தத் துறையில் பொதுவான வரையறை கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இ.டி. கண்ணாடி என்பது வேறு. அது நிறச் சிதறலைக் குறைக்கும் தனி வகைக் கண்ணாடி. வானத்துக்கு எதிரே நிற்கும் கொம்பின் ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கோடு போல ஒட்டியிருந்தால் அதுதான் நிறச் சிதறல். மடங்கு கூடும்போது இது மோசமாகும். பட்ஜெட் இடம் கொடுத்தால் பெரிய லென்ஸை விட்டுவிட்டு இ.டி. உள்ள சிறிய லென்ஸை எடுங்கள்.

கோட்டிங்கில் ஏமாறுவது சுலபம். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும், தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் அப்படி 10 பரப்புகள் இருந்தால், ஒளியில் மூன்றில் ஒரு பங்கு கண்ணுக்கு வராமலே போகும். 'கோட்டட்' என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு இருந்தாலும் போதும். 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்றால்தான் காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு. இதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். பிரிசம் பேக்-4 என்ற நல்ல கண்ணாடி வகையா என்றும் கேளுங்கள். பிரிசத்தில் ரூஃப், போரோ என்று இரண்டு அமைப்புகள் உண்டு. ரூஃப் பிரிசம் என்றால், படத்தின் கூர்மை குறையாமல் காக்கும் ஃபேஸ் கோட்டிங் என்ற பூச்சு இருக்க வேண்டும். போரோ பிரிசத்துக்கு அது தேவைப்படாது.

நீர்புகா வசதியும் நைட்ரஜன் நிரப்பியதும் கட்டாயம். குளிரில் உள்ளே ஆவி படிந்துவிட்டால் களத்தில் அதைத் துடைக்க வழியில்லை.

நேரா, சாய்வா? கண்ணாடி அணிபவரா?

சாய்வான ஐபீஸ் மேட்டைப் பார்க்கவும், உயரம் வேறுபட்ட இரண்டு பேர் மாறிமாறிப் பார்க்கவும் நல்லது. முக்காலியும் தாழ்வாக இருக்கலாம். நேரான ஐபீஸ் வண்டியிலிருந்து பார்க்கவும், பள்ளத்தாக்கை நோக்கவும், விலங்கைச் சட்டென்று பிடிக்கவும் எளிது. எது உயர்ந்தது என்ற விவாதம் வீண், நீங்கள் எங்கே உட்காருவீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், ஐ ரிலீஃப் (முழுப் படமும் தெரிய ஐபீஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜூம் ஐபீஸ்களில் இந்த அளவு மடங்குக்கு ஏற்ப மாறும் என்பதால், எல்லா மடங்கிலும் கண்ணாடியோடே பார்த்துவிடுங்கள்.

துப்பாக்கி ஸ்கோப்பால் நோட்டமிடுவது

பணத்தை மிச்சம் பிடிக்க, துப்பாக்கியில் இருக்கும் ஸ்கோப்பாலேயே தேடிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எது என்று இன்னும் தெரியாத ஒன்றின் மேல் துப்பாக்கியின் வாயைத் திருப்புகிறீர்கள். அது மனிதராக இருக்கலாம். ஸ்கோப் வாங்க முடியாவிட்டால் மலிவான பைனாகுலராவது வாங்குங்கள். இதை மட்டும் செய்யாதீர்கள்.

கடை வெளிச்சத்தில் முடிவெடுப்பது

பளீரென்ற விளக்கின் கீழ், பத்தடி தொலைவில் எல்லா ஸ்கோப்பும் நன்றாகத்தான் தெரியும். வெளியே எடுத்துப்போய்ப் பார்க்கக் கேளுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் படம் கெடும், அதனால் திறந்த வாசலாவது வேண்டும். தூரத்துப் பலகையின் சின்ன எழுத்து, வானத்துக்கு எதிரே மெல்லிய குச்சிகள், நிழலில் உள்ள மரப்பட்டை, இந்த மூன்றையும் பாருங்கள். நல்ல ஸ்கோப்பில் ஃபோகஸ் ஒரே இடத்தில் 'டக்'கென்று வந்து நிற்கும். முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே, இதுவா அதுவா என்று சந்தேகப்பட வேண்டியிருந்தால் கண்ணாடி சுமார்தான். முடிந்தால் சூரியன் மறைந்த பிறகு இதே மரப்பட்டையை மறுபடி பாருங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள் இத்தனையையும் செய்துவிட வேண்டும்.

பழைய ஸ்கோப் வாங்கத் தயங்க வேண்டாம். புது மலிவு ஸ்கோப்பின் விலைக்கு, முந்தைய தலைமுறை நல்ல ஸ்கோப் கிடைக்கலாம். முன்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பூஞ்சைக் கோடுகளோ பால் போன்ற மங்கலோ இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் விளிம்பில் நசுங்கல் இருந்தால் கீழே விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஜூம் வளையம் முழுச் சுற்றும் ஒரே சீராகத் திரும்ப வேண்டும், மெதுவாக ஆட்டினால் உள்ளே எதுவும் கலகலக்கக் கூடாது. அப்புறம் உத்தரவாதம். வோர்டெக்ஸ் போன்ற நிறுவனங்களின் வாழ்நாள் உத்தரவாதம் கைமாறினாலும் செல்லும், ரசீதும் கேட்பதில்லை. வேறு சில நிறுவனங்களில் அது முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும், எனவே பணம் கொடுப்பதற்கு முன் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்கள்.