எல்.கே.ஜி. வகுப்புக்கு நாள் அட்டவணை: குழாயடியிலிருந்து ஆரம்பியுங்கள்

போன ஜூனில் நான் போட்ட முதல் அட்டவணை மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. பாட்டு, எழுத்து, விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆகும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை.

1. பிரேயர், ஸ்நாக்ஸ், சாப்பாடு, வேன் வரும் நேரம்: உங்களால் மாற்ற முடியாத இவற்றை முதலில் எழுதிவிடுங்கள்.

2. ஒரு நாள் கடிகாரத்தோடு குழாயடியில் நில்லுங்கள். எங்கள் வகுப்பில் 28 பேர், குழாய் இரண்டு. சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் என்றால் மொத்தம் 14 நிமிடம். நான் விட்டிருந்ததோ 5! முதலில் கழுவியவன் டிபன் பாக்ஸை மூடும்போது கடைசிப் பிள்ளை ஈரக்கையோடு வருவாள். இப்போது ஏழேழு பேராக ஆயாம்மா கூட்டிப்போகிறார். மற்றவர்கள் என்னோடு கதையில் இருப்பார்கள். நேரம் என்னவோ அதே 14 நிமிடம்தான், ஆனால் வரிசையில் தள்ளுமுள்ளு இல்லை. செருப்பு மாட்டுவதையும் பை எடுப்பதையும் இதே போல அளந்து பாருங்கள்.

3. மீதி நேரத்தில் உட்கார்ந்து செய்வது ஒன்று, ஓடியாடுவது ஒன்று என மாற்றி மாற்றி வையுங்கள். நான்கு வயதுப் பிள்ளையை ஒரே வேலையில் 15 நிமிடத்துக்கு மேல் நான் உட்காரவைப்பதில்லை.

4. பிள்ளைகளுக்கு மணி பார்க்கத் தெரியாது, அதனால் படம்தான். ஃபிளெக்ஸ் அடிக்காதீர்கள், வரிசை மாறினால் காசு போச்சு. சணல் கயிறு, துணி கிளிப், கையால் வரைந்த ஏழு அட்டை போதும். முடிந்த அட்டையைத் திருப்பிவிட வேண்டும். அந்த வேலைக்குத் தினம் ஒரு லீடர். போட்டியே நடக்கும்! கயிற்றை அவர்கள் கண் உயரத்தில் கட்டுங்கள். நான் முதலில் கரும்பலகைக்கு மேலே கட்டி, நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

5. "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றால் அவர்களுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். விசில் வேண்டவே வேண்டாம். உள்ளே வர தினமும் ஒரே பாட்டு, அது போதும்.

பின்சேர்க்கை: மழை நாளில் என்ன செய்வது என்று இரண்டு மிஸ் கேட்டிருந்தார்கள். போன நவம்பரில் மைதான அட்டையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன், வகுப்பே அழுதது. இப்போது குடை வரைந்த அட்டை ஒன்று தயாராக இருக்கிறது. காலையிலேயே, பிள்ளைகள் பார்க்க, லீடர் கையாலேயே மாற்றிவிடுகிறோம்.

அங்கன்வாடியில் இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒன்றாக இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். சின்னவர்களை முதலில் குழாயடிக்கு அனுப்புங்கள். பெரியவர்கள் அதற்குள் தட்டு வைத்துவிடுவார்கள்.