கிளாசிக் ராக் மேடையில வாசிக்க பியானோ சவுண்ட் எடுக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

கீபோர்டை ஆன் பண்ணினதும் முதல் நம்பர்ல ஒரு பெரிய கான்சர்ட் கிராண்ட் பியானோ சவுண்ட் இருக்கும், ஹெட்போன்ல கேட்டா அவ்ளோ அழகா இருக்கும். அதையே அப்படியே கொண்டுபோய் ரெண்டு கிட்டார், பேஸ், ட்ரம்ஸோட வாசிச்சா நீங்க மேடையில இருக்கீங்களான்னே யாருக்கும் தெரியாது. சவுண்டை வீட்ல தனியா கேட்டு முடிவு பண்றதுதான் நிறைய பேர் பண்ற முதல் தப்பு, மத்த தப்புல பாதி இதுலேர்ந்துதான் வருது. டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் நடுவுல இருக்குற ஃப்ரீக்வன்சி முழுக்க பிடிச்சுக்கும், கீழ பேஸும் கிக் ட்ரம்மும், மேல சிம்பல், மிச்சம் இருக்குற இடுக்குலதான் பியானோ நுழையணும். அதுக்கு பளிச்னு, சட்டுனு அடிச்சு நிக்கிற, ரிவெர்ப் (எதிரொலி) கம்மியான சவுண்ட் வேணும். 'ராக் பியானோ', 'பிரைட் கிராண்ட்'னு பேர் போட்டு இருக்குறதெல்லாம் தனியா கேட்டா தகரத்தைத் தட்டுற மாதிரிதான் இருக்கும், ஆனா பேண்டுக்குள்ள போனதும் ஒவ்வொரு நோட்டும் தெளிவா கேக்கும்.

இது புதுப் பிரச்சனையே இல்ல. 70கள்ல மேடையில நிஜ கிராண்டுக்கு மைக் வச்சா ட்ரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து உள்ள வரும், சத்தத்தை ஏத்தினா ஃபீட்பேக், அதாவது ஸ்பீக்கர் சத்தமே மைக்ல திரும்ப நுழைஞ்சு கீச்சுனு ஊளையிடும். அதனாலதான் யமஹா சிபி-70 வந்துச்சு. அதுல நிஜ கம்பி, நிஜ சுத்தியல், ஆனா சவுண்ட்போர்டு கிடையாது, பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலா மாத்துற கருவி) வழியா நேரா ஆம்ப்புக்குப் போகும். ஜெனிசிஸ்ல டோனி பேங்க்ஸ், தனியா வந்த பிறகு பீட்டர் கேப்ரியல்லாம் அதை வாசிச்சிருக்காங்க. உங்க கீபோர்டுல 'எலெக்ட்ரிக் கிராண்ட்'னு ஒரு பேட்ச் (சேவ் பண்ணி வச்ச சவுண்ட்) இருந்தா அது இதோட நகல்தான், 70கள் கடைசி, 80கள் ஆரம்பத்துப் பாட்டுக்கு அதை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

அடுத்து இடது கை. தனியா வாசிச்சுப் பழகினவங்க கீழ ஆக்டேவ் போட்டு அடிப்பாங்க, பேண்டுல அந்த வேலையை பேஸ் கிட்டார் ஏற்கனவே செய்யுது, ரெண்டும் மோதினா கீழ எல்லாம் குழம்பிப் போயிடும். இடது கையைக் குறைங்க, ஈக்யூல (ஃப்ரீக்வன்சியை ஏத்தி இறக்குற கன்ட்ரோல்) 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, 300 பக்கம் கொஞ்சம் இறக்கி 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் லேசா ஏத்துங்க. நம்பரெல்லாம் தோராயம்தான், ஹாலைப் பொறுத்து மாறும்.

ஸ்டீரியோ விஷயம் யாருமே சொல்லித் தர்றதில்ல, அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். கீபோர்டுல இருக்குற பியானோ சாம்பிளை (நிஜ பியானோவோட ரெக்கார்டிங்) ரெண்டு மைக் வச்சு எடுத்திருப்பாங்க, ஒரே நோட்டு ரெண்டு மைக்குக்கும் ஒரே நேரத்துல போய்ச் சேராது. ஹெட்போன்ல அந்த வித்தியாசம்தான் அகலமா, அழகா கேக்குது. ஆனா சின்ன ஹால்கள்ல பிஏ (ஹால் ஸ்பீக்கர் சிஸ்டம்) பெரும்பாலும் மோனோதான், ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா சேர்த்தா சில ஃப்ரீக்வன்சி ஒண்ணை ஒண்ணு அழிச்சுடும், சவுண்ட் ஒல்லியா, தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். "அப்ப நான் லெஃப்ட்/மோனோ அவுட்ல மட்டும் ஒயர் குத்துறேன்"னு சொல்லாதீங்க, நிறைய கீபோர்டுல ரைட் ஜாக் காலியா இருந்தா ரெண்டையும் உள்ளேயே சேர்த்துத்தான் லெஃப்ட்ல அனுப்பும், அதே பிரச்சனை. மோனோ பியானோ பேட்ச் இருந்தா அதை எடுங்க. இல்லன்னா ரைட் ஜாக்லயும் ஒரு ஒயர் குத்திட்டு, லெஃப்ட் ஒயரை மட்டும் டிஐ பாக்ஸுக்கு (கீபோர்டு சிக்னலை மிக்சருக்கு அனுப்புற பெட்டி) குடுங்க.

எலெக்ட்ரிக் பியானோன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கிறது இன்னொரு தப்பு, எனக்கு ரொம்ப மனசு வலிக்கிறதும் இதுதான். ரோட்ஸ், வுர்லிட்சர்னு ரெண்டு வகை எலெக்ட்ரிக் பியானோ இருக்கு. ரோட்ஸ்ல சுத்தியல் மெல்லிய உலோகக் கம்பியைத் தட்டும், மணி மாதிரி உருண்டையான சவுண்ட், டோர்ஸோட 1971 'ரைடர்ஸ் ஆன் த ஸ்டார்ம்' அதுதான். வுர்லிட்சர்ல தட்டுறது இரும்பு ரீடை (மெல்லிய தகடு), பலமா அடிச்சா உறுமும், சூப்பர்டிராம்ப்போட 1979 'த லாஜிக்கல் சாங்', குயீனோட 1975 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்' எல்லாம் அதுதான். குயீன் பாட்டுல ஒரு விஷயம் பாருங்க, ரெக்கார்டுல ஜான் டீக்கன் வுர்லிட்சர் வாசிச்சார், மேடையில ஃப்ரெடி மெர்குரி அதையே கிராண்ட்ல வாசிச்சார். அதனால கிராண்ட்ல வாசிச்சா தப்பில்ல. ஆனா யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்ததே 1983ல, அந்தக் கண்ணாடி மாதிரி மினுங்குற சவுண்டை 70கள் பாட்டுல போட்டா முதல் கார்டுலயே பாட்டோட காலம் மாறிப்போயிடும்.

பியானோ பாட்டுன்னு நினைக்கிற பல பாட்டுல உண்மையில ஆர்கன்தான் இருக்கும், அங்க தப்பு விரல்லயும் கால்லயும் நடக்குது. ஹாமண்ட் ஆர்கன்ல எவ்ளோ பலமா அழுத்தினாலும் சத்தம் ஏறாது, சஸ்டெயின் பெடலும் கிடையாது, வலது கால் வால்யூம் பெடல் மேலதான் இருக்கணும். பியானோ பழக்கத்துல சஸ்டெயினை மிதிச்சா கார்டு மேல கார்டு ஏறி ஒரே இரைச்சல். ஒரு நோட்டுலேர்ந்து அடுத்ததுக்கு விரலை மாத்தி மாத்தி ஒட்டியே வாசிக்கப் பழகணும். லெஸ்லியை (ஆர்கனோட சுத்துற ஸ்பீக்கர்) பாட்டு முழுக்க வேகமா சுத்த விடாதீங்க, வரிகள்ல மெதுவா விட்டு, கோரஸ் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வேகத்துக்கு மாத்துங்க, அது வேகம் பிடிக்கிற அந்த நேரம்தான் உடம்பு சிலிர்க்கும். டீப் பர்பிள் பாட்டா இருந்தா டிஸ்டார்ஷன் கண்டிப்பா வேணும், அவங்க கீபோர்டிஸ்ட் ஜான் லார்ட் தன் ஹாமண்டை மார்ஷல் ஆம்ப்ல ஓட்டினவர்.

பியானோவுக்குக் கீழ ஸ்ட்ரிங்ஸ் பேட் (நீளமா இழுத்து நிக்கிற வயலின் மாதிரி சவுண்ட்) சேர்த்து வைக்கிற பழக்கத்தை 80கள் பாலட், அதாவது மெதுவான பாட்டுகளுக்கு மட்டும் வச்சுக்குங்க.

கடைசியா பேட்ச்களோட வால்யூம். வுர்லிட்சர்லேர்ந்து ஆர்கனுக்கு மாத்தினதும் சத்தம் குதிச்சா சவுண்ட் இன்ஜினியர் உடனே மிக்சர்ல உங்க ஃபேடரை (வால்யூம் ஸ்லைடர்) இறக்குவார், அடுத்த பாட்டுல பியானோ வரும்போது அதை யாரும் திரும்ப ஏத்த மாட்டாங்க. ரிகர்சல்ல முழு பேண்டும் வாசிக்கும்போது போனை ரூமோட அந்தப் பக்கம் வச்சு ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, ஒவ்வொரு பேட்சோட வால்யூமையும் அதுக்கேத்த மாதிரி மாத்தி சேவ் பண்ணி, பாட்டு வர்ற வரிசையிலேயே அடுக்கி வச்சிடுங்க.