பழுப்பு பெயிண்ட் அடித்தும் வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருப்பது ஏன்?

மூன்று வருடம் முன்பு எங்கள் ஹால் சுவரை வெளிர் சாம்பலிலிருந்து மண் நிறத்துக்கு மாற்றினோம். ஷேடு கார்டில் பார்த்தபோது செங்கல் பொடியில் பால் கலந்த மாதிரி அத்தனை அழகு. பகலிலும் குறை சொல்ல முடியாது. சாயங்காலம் டியூப்லைட்டைப் போட்டதும்தான் வினை வந்தது. மாமியார் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா செவுரு ஓதம் அடிச்ச மாதிரி தெரியுதே" என்றார். பெயிண்டரைக் கூப்பிட்டுச் சண்டை போட்டோம். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. தப்பு எங்கள் தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளையும் சாம்பலுமாக, ஹோட்டல் வரவேற்பறை போல வீட்டை வைத்துக்கொள்ளும் மோகம் சில வருடங்களாகக் குறைந்துவருகிறது. பழுப்பு, டெரகோட்டா, கடுகு நிறம், பிரம்பு, சணல் என்று பலரும் கதகதப்பான பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எங்களைப் போலவே பலரும் பெயிண்டில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் பல்ப்.

பெட்டியில் இருக்கும் எண்

எல்இடி பல்ப் வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்கிறோம். அதே பெட்டியில் 6500, 4000, 3000 என்று கெல்வின் கணக்கில் இன்னொரு எண் இருக்கும். எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். அகல் விளக்கின் சுடர் ஏறக்குறைய 2000. கடையில் போய்ச் சும்மா "ஒரு எல்இடி கொடுங்க" என்றால் பெரும்பாலும் கைக்கு வருவது 6500, அதாவது கூல் டேலைட். வெள்ளை எல்இடிக்கு உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பூச்சுதான் அதை வெள்ளையாக்குகிறது. 6500-இல் நீலம் தூக்கலாக இருக்கும், சிவப்பு குறைவு. சிவப்பு குறைந்த வெளிச்சத்தில் டெரகோட்டா சேறாகத் தெரியாமல் வேறு எப்படித் தெரியும்?

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 வரை போதும். கடையில் 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள். அதற்காக உற்சாகத்தில் சமையல் மேடைக்கும் அதையே மாட்டிவிடாதீர்கள். அரிசியில் கல் பொறுக்கவும் கீரை ஆயவும் 4000 வேண்டும். அதைவிட மோசம், ஒரே அறையில் ஒரு பக்கம் 3000, மறுபக்கம் 6500. பெட்டியில் சிஆர்ஐ என்று இருந்தால் அதையும் பாருங்கள், வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதற்கு நூற்றுக்கான மதிப்பெண் அது. 80-க்குக் கீழே வேண்டாம், 90 கிடைத்தால் மரமும் முகமும் உள்ளபடி தெரியும்.

அடுத்த தவறு, எல்லா வெளிச்சமும் மேலிருந்தே வருவது. ஃபால்ஸ் சீலிங் போட்டு வரிசையாகப் பன்னிரண்டு விளக்கைப் பதித்துவிட்டு, "ஏன் வீடு வீடு மாதிரி இல்லை" என்று கேட்பவர்கள் உண்டு. உச்சியிலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லோர் கண்ணுக்குக் கீழும் குழி விழும். ஒரு மூலையில் ஸ்டாண்டு விளக்கு, சோபா பக்கத்தில் மேசை விளக்கு என்று உட்கார்ந்த உயரத்தில் இரண்டு போதும், அறை மாறிவிடும். இதற்கு மூலைகளில் ப்ளக் பாயின்ட் வேண்டும். சுவரை வெட்டும்போதே எலக்ட்ரீஷியனிடம் சொல்லாவிட்டால், பிறகு விரிப்புக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் வயரை ஓட்டுவீர்கள். அது ஆபத்து. கோவ் லைட், அதாவது சீலிங் ஓரத்தில் மறைத்து ஒட்டும் எல்இடி பட்டை, வைப்பவர்கள் அதை நேரடியாக ஒட்டாமல், பால் நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்துக்குள் வையுங்கள். இல்லையென்றால் பளபளக்கும் டைல்ஸ் தரையில் புள்ளி புள்ளியாகச் சீரியல் செட் எரியும்.

சுவர்: அவசரப்பட்டால் கையில் ஒட்டும்

வருடாவருடம் 'இந்த வருட நிறம்' என்று ஒன்றை அறிவிக்கும் பான்டோன் நிறுவனம் 2024-க்கு பீச் ஃபஸ், 2025-க்கு மோக்கா மூஸ் என்று இதமான நிறங்களாக அறிவித்தது. உடனே வீடு முழுக்கக் காபி நிறம். 2026-க்கு அதே நிறுவனம் கிளவுட் டான்சர் என்ற வெள்ளைக்குப் போய்விட்டது. வருட நிறத்தைக் குஷன் உறையில் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு சுவரிலும் வேண்டாம். அதுவும் ஒரே ஜன்னல் உள்ள அறையில் நான்கு பக்கமும் அடர் பழுப்பு அடித்தால் பகலிலும் விளக்குப் போட வேண்டியிருக்கும். சின்ன டப்பா வாங்கி இரண்டடிக்கு இரண்டடி பூசி, காலையிலும் மதியத்திலும் ராத்திரி விளக்கிலும் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

இப்போது லைம்வாஷ் என்று மேகம் மேகமாகத் தெரியும் பூச்சுக்கு மவுசு. நம் பாட்டி வீட்டுச் சுண்ணாம்படிப்புதான், பெயர்தான் புதுசு. நீற்றிய சுண்ணாம்பு சுவருக்குள் ஊறி, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகும். ஊறுவதற்குச் சுவரில் துளை வேண்டுமே! ஏற்கெனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்த சுவரின்மேல் அதைப் பூசினால் எங்கே ஊறும்? தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இப்படிப் பூசி, சாய்ந்து உட்கார்ந்தவர் சட்டையெல்லாம் வெள்ளை. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது அதற்கென்று உள்ள பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். உப்புப் பூத்த சுவர் என்றால் எந்தப் பூச்சும் நிற்காது. கசிவு எங்கிருந்து என்று முதலில் பாருங்கள்.

கோபன்ஹேகன் குளிர் நம் ஊரில் இல்லை

படங்களில் பார்த்து மயங்கும் பஞ்சுபோன்ற விரிப்பு, தடித்த கம்பளிப் போர்வை, வெல்வெட் சோபா எல்லாம் டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறையும் ஊர்களின் தேவை. டென்மார்க்காரர்கள் 'ஹூகா' என்பது அந்த இருட்டையும் குளிரையும் எதிர்த்து மெழுகுவத்தியோடு உட்காரும் சுகம். சென்னையில் மே மாதம் கதகதப்பு தானாகவே வரும். ஏசி வைத்து விரட்டுகிறோம். நமக்கு வேண்டியது கண்ணுக்கு மட்டும் இதம், உடம்புக்குக் குளிர்ச்சி. கடலோர ஈரத்தில் நீள முடியுள்ள விரிப்பு தூசியைப் பிடித்து, மழைக்காலத்தில் ஊமை நாற்றம் அடிக்கும். பவானி ஜமுக்காளமும் பத்தமடைப் பாயும் இந்த வேலையை அழகாகச் செய்யும், உதறி வெயிலில் போடவும் முடியும்.

விரிப்பு எதுவானாலும் அளவில் ஏமாறாதீர்கள். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு முன்னால் மூன்றடிக்கு ஐந்தடி விரிப்பைப் போட்டால் கால்மிதி மாதிரி இருக்கும். சோபாவின் முன்கால்களாவது அதன்மேல் ஏற வேண்டும். ஐந்தடிக்கு எட்டடி பாருங்கள். திரைச்சீலையும் அப்படித்தான். ஜன்னல் சட்டத்தை ஒட்டி மாட்டாமல் ஆறேழு அங்குலம் மேலே கம்பியைப் பொருத்தி, தரை வரை இறக்குங்கள். துணியின் அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் மடிப்பு விழும்.

பிரம்பு வாங்குகிறவர்கள் மழைக்காலத்தில் பூஞ்சை பூக்கும் என்பதை நினைவில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். பின்னல் தொய்ந்தால் தூக்கி எறிய வேண்டாம். அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி உலரவிட்டால் மறுபடி இறுகும். ஆத்தங்குடி டைல்ஸ் பதித்தவர்கள் பாத்ரூம் ஆசிட்டை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். சூளையில் சுட்ட ஓடு இல்லை அது. கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்த சிமென்ட். ஆசிட் பட்டால் அரித்துவிடும். வீட்டு மரச்சாமான் எல்லாவற்றிலும் ஒரே வால்நட் லேமினேட் ஒட்டுவது பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு, ஆசாரி நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், விடுங்கள்.

எங்கள் ஹாலுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கவில்லை. டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு 3000-இல் நான்கு பல்ப் மாட்டினோம், அவ்வளவுதான், சுவர் சரியாகிவிட்டது. மறுநாளே மாமியார், "பேப்பர்ல ஒரு எழுத்தும் தெரியலை" என்றார். வயதான கண்ணுக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் 4000-இல் ஒரு படிக்கும் விளக்கு வாங்கி வைத்தோம். அதன் சுவிட்ச் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்.