பாதி முடிந்த ஷெட்யூலை ப்ராஜெக்ட் சர்வரில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திட்ட ஷெட்யூல்களை இணையத்தில் நிர்வகிக்க உதவும் ப்ராஜெக்ட் ஆன்லைன் சேவையை 2026 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது. ஷெட்யூல்களை எம்பிபி (மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மென்பொருளின்) கோப்புகளாக இறக்கி, நிறுவனத்தின் சொந்தக் கணினியில் இயங்கும் ப்ராஜெக்ட் சர்வரில் ஏற்றப்போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்னும் தொடங்காத ஷெட்யூல் அதிகம் படுத்தாது. பாதி முடிந்ததுதான் படுத்தும். ஏற்றிய பிறகு மென்பொருள் புதிய காலண்டரையும் புதிய கூலி விகிதத்தையும் வைத்து மறுபடி கணக்குப் போடுகிறது. அதில் முடிந்த வேலையின் எண்களும் மாறக்கூடும்.

ஏற்றுவதற்கு முன் இருந்த நிலையைப் பதிந்துவைக்காததுதான் முதல் தவறு. ஷெட்யூல் ஒரு நேரத்தில் எப்படி இருந்தது என்று பதிந்துவைக்க, ப்ராஜெக்டில் 0 முதல் 10 வரை 11 பேஸ்லைன்கள் உண்டு. பேஸ்லைன் 10 காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இப்போதைய நிலையை அதில் பதியுங்கள். ஒப்புதல் பெற்ற முதல் பேஸ்லைனைத் தொடவே கூடாது. ஏற்றியபின் ஒவ்வொரு டாஸ்க்கின் முடிவுத் தேதி, வேலை மணி, செலவு மூன்றையும் பேஸ்லைன் 10-உடன் ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் காரணம் தெரியும் வரை பப்ளிஷ் செய்ய வேண்டாம், அதாவது குழுவினருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டாம்.

பெரும்பாலும் காரணம் காலண்டராகத்தான் இருக்கும். பழைய கோப்பில் ஒருவருக்கு வாரம் 6 நாள், சர்வர் காலண்டரில் 5 நாள் என்று வையுங்கள். மீதி 48 மணி வேலை, ஒரு நாளைக்கு 8 மணி என்றால், இந்தத் திங்களில் தொடங்கிச் சனிக்கிழமை முடிய வேண்டியது அடுத்த திங்களுக்குப் போய்விடும். அதைத் தொடர்ந்து வரும் டாஸ்க்குகளும் நகரும். ஆகவே விடுமுறைகளையும் சனிக்கிழமை வேலையையும் சர்வர் காலண்டரில் முதலில் சரிசெய்துவிட்டு ஏற்றுங்கள்.

செலவு இதைவிட மோசம், ஏனென்றால் சட்டென்று கண்ணில் படாது. மணிக்கு 1,500 ரூபாய் வீதம் 60 மணி நேரம் வேலை முடிந்திருந்தால் ஆன செலவு 90,000. சர்வரில் அதே ஆளுக்கு 1,800 என்று இருந்து, ஆன செலவை மென்பொருளே கணக்கிடட்டும் என்ற தேர்வும் இயங்கினால், அது 1,08,000 ஆகிவிடும். புதிய விகிதத்தை அமலுக்கு வரும் தேதியோடு தனி வரியாகச் சேர்த்தால் பழைய மணிகளுக்குப் பழைய விகிதமே நிற்கும். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு திட்டத்திலும் ஒரு விகிதம் என்றால் ஏ முதல் இ வரை ஐந்து விகித அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

ஆட்களை இணைக்கும் திரையில், எல்லோரையும் புதிதாகச் சேர்ப்பது அவசரத்தில் நடக்கும் தவறு. ‘கார்த்திக்’, ‘எஸ். கார்த்திக்’ என ஒரே ஆள் இருவராகிவிடுவார். சர்வரில் ஏற்கெனவே இருப்பவரோடுதான் பொருத்த வேண்டும். அந்த ஷெட்யூலில் மட்டும் இருக்கும் லோக்கல் ஆளாகவே விட்டால் அவருக்கு டைம்ஷீட்டில் இந்த வேலை வராது.

பப்ளிஷ் பொத்தானை அழுத்துமுன் அறிவிப்பு மின்னஞ்சல்களை நிறுத்திவைக்கச் சர்வர் நிர்வாகியிடம் சொல்லுங்கள். முடிந்த டாஸ்க்குகளுக்குப் ‘பப்ளிஷ்’ என்ற நெடுவரிசையில் ‘வேண்டாம்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் முன்பு முடித்த வேலை ஒருவருக்குப் புது வேலையாகப் போய்ச் சேரும். நிர்வாகி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினால் ஸ்டேட்டஸ் மேனேஜராக, அதாவது முன்னேற்றத்துக்கு ஒப்புதல் தருபவராக, அவர் பெயர்தான் பதிவாகும், குழுவினர் அனுப்பும் முன்னேற்றக் கணக்கெல்லாம் ஒப்புதலுக்கு அவரிடமே குவியும். திட்ட மேலாளரே ஏற்றுவது நல்லது. ஏற்கெனவே ஏற்றியாயிற்று என்றால், திட்ட மேலாளர் ஷெட்யூலைத் திறந்து ஸ்டேட்டஸ் மேனேஜர் நெடுவரிசையில் எல்லா டாஸ்க்குக்கும் தன் பெயரைப் போட்டு மறுபடி பப்ளிஷ் செய்யட்டும்.

வேறு கோப்போடு இருக்கும் இணைப்புகள் பழைய ஃபோல்டரையே தேடும். அவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு நீக்கிவிட்டு, இரண்டு ஷெட்யூல்களும் சர்வருக்கு வந்த பிறகு புதிதாகப் போடுங்கள்.

ஒப்பிட்டு முடித்த அன்றே பழைய எம்பிபி கோப்பைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிடுங்கள். திறந்தே கிடந்தால் குழுவில் யாராவது ஒருவர் அடுத்த வார முன்னேற்றத்தை அதில்தான் பதிவார்.