"கடைசியில ஒரு ட்விஸ்ட் இருக்கு": சஸ்பென்ஸ் படம் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் சனி, ஞாயிறு இரவு எந்த தியேட்டர் வாசலுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஃபர்ஸ்ட் ஷோ முடிந்து ஒரு கூட்டம் வெளியே வரும். செகண்ட் ஷோவுக்கு இன்னொரு கூட்டம் கேட் திறக்கக் காத்து நிற்கும். நிற்கிறவர் கேட்பார், "படம் எப்படிண்ணே?" வருகிறவர் நல்ல மனசோடுதான் பதில் சொல்வார்: "சூப்பர் தம்பி. கடைசியில ஒரு ட்விஸ்ட் வச்சிருக்காய்ங்க பாரு, எவனும் எதிர்பாக்க மாட்டான்."

அவர் கதையைச் சொல்லவில்லை, கொலைகாரன் யாரென்றும் சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தம்பிக்குப் படம் பாதி போய்விட்டது. இனி அவர் இரண்டரை மணி நேரமும் படம் பார்க்க மாட்டார், துப்பறிந்துகொண்டிருப்பார். பாசமாகப் பேசும் மாமாவைச் சந்தேகப்படுவார். ஒரே ஒரு சீனில் வந்துபோகும் டாக்டரைச் சந்தேகப்படுவார். செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஆள் நிஜமாகவே செத்தானா என்று யோசிப்பார். இயக்குநர் நம்பச் சொல்வதை நம்பி உட்கார்ந்தால்தானே, கடைசியில் அது பொய்யாகும்போது நெஞ்சில் அடி விழும்? எதையுமே நம்பாமல் உட்கார்ந்திருப்பவருக்கு எந்த அடியும் விழாது.

நாம் செய்கிற தவறுகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். முடிவைச் சொல்லக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். முடிவில் திருப்பம் இருக்கிறது என்று சொல்வதே முடிவைப் பாதி சொன்ன மாதிரிதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இதன் தம்பி, தங்கைகளும் உண்டு. "இடைவேளைக்கு அப்புறம் வர்ற ஆளை மட்டும் கவனிச்சுக்க." "அந்தப் பொண்ணு கடைசி பத்து நிமிஷம் பின்னியிருக்கு." இப்படிக் குறிப்புக் கொடுக்கிறவர்கள் தாங்கள் எதையும் சொல்லவில்லை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கேட்பவருக்கோ, பேர் சொல்லாமல் ஆளைக் கைகாட்டியாகிவிட்டது.

சரி, அதற்காக வாயே திறக்கக் கூடாதா? அதுவும் தப்புதான். சஸ்பென்ஸ் படங்கள் பெரும்பாலும் சின்ன பட்ஜெட்டில், பெரிய நட்சத்திரம் இல்லாமல் வருகின்றன. மதுரைக்காரரான கார்த்திக் சுப்புராஜ் தன் முதல் படமான 'பீட்சா'வை 2012இல் அப்படித்தான் கொண்டுவந்தார். இந்த மாதிரிப் படங்களை ஓட வைப்பது பார்த்தவர்களின் வாய்தான். அதனால் பேச வேண்டும், கேட்பவருக்கு உதவுகிற மாதிரிப் பேச வேண்டும். ரத்தம் அதிகமா, பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா, திடுக்கென்று பயமுறுத்துமா, மெதுவாகப் போகுமா, சத்தம் எப்படி இருக்கிறது என்றெல்லாம் தாராளமாகச் சொல்லலாம். 2024இலிருந்து சென்சார் சான்றிதழிலேயே யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று வயது பிரித்துப் போடுகிறார்கள், அதையும் பார்க்கச் சொல்லலாம். "டைட்டிலுக்கு முன்னாடி உள்ள போயிருங்க, எதையும் படிக்காமப் போங்க" என்றால் போதும். அதைவிட நல்ல சிபாரிசு கிடையாது.

முடிவைக் காப்பாற்றுவது ரசிகர்களால் ஆகிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1952 தீபாவளிக்கு மதுரையில் தங்கம் தியேட்டர் 'பராசக்தி'யோடு திறந்தது. அதற்குச் சில வாரம் கழித்து, நவம்பரில், லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் மேடையேறியது. நாடகம் முடிந்ததும் நடிகர் ஒருவர் முன்னால் வந்து, கொலையாளி யாரென்று வெளியே சொல்லிவிடாதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்வது அங்கே வழக்கம். தங்கம் இன்று இல்லை. அந்த நாடகம் கொரோனாவுக்காக நின்றதைத் தவிர இன்றுவரை ஓடுகிறது. இணையத்தில் தேடினால் முடிவு கிடைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் அதை அவிழ்ப்பதில்லை என்ற மரியாதை நிற்கிறது.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே வருவார்: "முடிவு தெரிஞ்சு பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கும்னு ஆராய்ச்சியே சொல்லுதே?" சொல்கிறது, உண்மைதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்பே தெரிந்துகொண்டு சிறுகதை படித்தவர்கள் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே ரசித்திருக்கிறார்கள். பிறகு வேறு ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோது நேர்மாறான முடிவும் வந்தது. அதைவிட, லீவிட்டும் கிறிஸ்டன்ஃபெல்ட்டும் சோதித்தது தனியாக உட்கார்ந்து படிக்கிற சிறுகதைகளை. ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அரங்கை அல்ல. முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதில் தனிச் சுகம் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1964இல் வந்த 'புதிய பறவை'யின் முடிவு தெரிந்தவர்கள்தான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் சிவாஜியின் முகத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் தெரிந்துகொண்டு பார்ப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். தெரியாமல் பார்ப்பது ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறையை இன்னொருவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை இல்லை.

அடுத்த தவறு படம் முடிந்து புரோட்டாக் கடையில் உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். "நான் இன்டர்வெல்லயே கண்டுபிடிச்சிட்டேன் மாப்ள." பெரும்பாலும் இது வேண்டுமென்றே சொல்லும் பொய் இல்லை. நம் ஞாபகமே அப்படித்தான் வேலை செய்கிறது. 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் போவதற்கு முன், அந்தப் பயணங்களில் என்னென்ன நடக்கும் என்று சிலரிடம் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள் பரூக் ஃபிஷ்ஹாஃப், ரூத் பேத் என்ற ஆய்வாளர்கள். பயணம் முடிந்த பிறகு, நீங்கள் முன்பு என்ன சொன்னீர்கள் என்று கேட்டார்கள். நடந்துவிட்ட விஷயங்களை, தாங்கள் உண்மையில் சொன்னதைவிட உறுதியாக முன்பே சொன்னதாகத்தான் பலர் நினைவுபடுத்தினார்கள். 1975இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தியேட்டரிலும் அதேதான். படத்தில் வரும் ஐந்து பேரையும் ஆளுக்கு ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டிருப்போம். முடிவு தெரிந்ததும் மற்ற நாலு சந்தேகமும் மறந்துபோகும், சரியான ஒன்று மட்டும் மனதில் நிற்கும். நிஜமாகவே கண்டுபிடித்தீர்களா என்று தெரிய வேண்டுமா? இன்டர்வெல்லில் ஒரே ஒரு பேரைப் போனில் எழுதி வையுங்கள், கடைசிவரை மாற்றாதீர்கள்.

சரி, கண்டுபிடித்தே விட்டீர்கள் என்று வையுங்கள். அதனால் படம் மோசமாகிவிடுமா? கண்டுபிடிக்க முடிந்தது என்றால் இயக்குநர் தடயங்களை ஒளிக்காமல் வைத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். யாராலும் கண்டுபிடிக்கவே முடியாத முடிவு வேண்டுமென்றால், கடைசி ரீலில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து இவன்தான் கொலைகாரன் என்று சொல்லிவிடலாம். அதை யாரும் திறமை என்று சொல்ல மாட்டார்கள்.

ஒரு திருப்பத்தை நியாயமாக எடைபோடுவது எப்படி என்பதில்தான் நம்மிடையே பேச்சு ரொம்பக் குறைவு. லாஜிக் இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். துப்பறியும் கதை எழுதிய பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் அந்த வகைக் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே நம் கண்ணில் பட்டிருக்க வேண்டும் என்பது முதல் விதி. துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் போதும். அப்புறம் இன்னொரு கேள்வி கேளுங்கள்: படம் ஒன்றை மறைத்ததா, பொய் சொன்னதா? அறையில் நடந்த சண்டையைக் கேமரா கதவுக்கு வெளியே நின்று காட்டினால் அது மறைப்பது. உள்ளே இருந்தது ஒருவர்தான் என்று காட்டிவிட்டு, பின்னால் இரண்டு பேர் என்றால் அது பொய். சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் தன் படம் ஒன்றில், ஒரு பாத்திரம் சொல்லும் பொய்யையே ஃபிளாஷ்பேக்காக எடுத்துக் காட்டினார். பலர் அவரைக் கோபித்துக்கொண்டார்கள், பிற்பாடு அவரே அது தவறு என்று பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் ஒப்புக்கொண்டார். எந்தப் படம் என்று எழுதினால் அதைப் பார்க்காதவர்களுக்குக் கெட்டுவிடும், அதனால் பேரை விட்டுவிடுகிறேன்.

இதோடு சேர்ந்த குழப்பம் ஒன்று உண்டு. "பாதியிலயே எல்லாம் தெரிஞ்சு போச்சு, அப்புறம் என்ன சஸ்பென்ஸ்?" என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். சஸ்பென்ஸும் திடீர் அதிர்ச்சியும் வேறு வேறு. இதை அதே ஹிட்ச்காக் ஒரு மேஜையை வைத்து விளக்கினார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து வினாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்கு மட்டும் தெரிந்து, மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் கதை பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிஷப் பதைப்பு. 'பாபநாசம்' படத்தில் என்ன நடந்தது என்பது நமக்கு முன்பே தெரியும். அந்தக் குடும்பம் மாட்டிக்கொள்ளுமா என்பதுதான் நம்மை நாற்காலி நுனியில் வைக்கிறது. அந்தப் படத்தில் போய் கொலைகாரன் யாரென்று தேடினால், அங்கே இல்லாததைத் தேடி இருப்பதைத் தவறவிடுவோம். 1954இல் 'அந்த நாள்' வந்தபோது நடந்ததும் இதுதான். எஸ். பாலச்சந்தர் பாட்டே இல்லாமல் எடுத்த கொலைக்கதை அது. பாட்டையும் நடனத்தையும் எதிர்பார்த்துப் போனவர்களுக்குப் பிடிக்கவில்லை, வசூலும் இல்லை. இன்று தமிழின் முக்கியமான படங்களில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறோம்.

தாமதமாகப் போவது, முந்தி எழுந்திருப்பது, இரண்டையும் விட வேண்டும். 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களில் கறாராக நடந்துகொண்டார்கள். நம் ஊரில் ஆரம்பம் போவதைவிட முடிவு போவது அதிகம். கடைசி பத்து நிமிஷம் நெருங்கும்போது பின்வரிசையில் நாற்காலிகள் படபடவென்று மடியும். ஸ்டாண்டில் வண்டி மாட்டிக்கொள்ளும் என்ற அவசரம். படிக்கட்டில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே, டோக்கனைத் தேடிப் பைக்குள் கைவிட்டுத் துழாவுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய போன் வெளிச்சம் மூன்று வரிசை மேல் அடிக்கும். திரையில் அந்த நேரம்தான் ஒரு முகம் மெதுவாகத் திரும்பும். மற்ற படங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். சஸ்பென்ஸ் படத்தில் இது பக்கத்தில் இருப்பவர் கொடுத்த காசைத் திருடுவது மாதிரி.

இரண்டாம் முறை வந்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "இப்ப பாரேன்" என்று முழங்கையால் இடிப்பதே போதும், கூட வந்தவருக்கு எல்லாம் முடிந்தது. சோகமான காட்சியில் முன்கூட்டியே சிரித்துவிடுவதும் அப்படித்தான். மலையாளத்தில் முன்பே பார்த்துவிட்டு, தமிழில் ரீமேக் வரும்போது "மூலத்துல இந்த இடத்துல..." என்று தொடங்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஸ்டேட்டஸ் போடுவதற்காக கிளைமாக்ஸைப் போனில் எடுப்பது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, குற்றம். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் தியேட்டரில் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதத்திலிருந்து மூன்று ஆண்டுவரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்ச ரூபாய், அதிகபட்சம் கணக்குத் தணிக்கை செய்த மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம்.

படத்தைப் பிரித்து மேய வேண்டும் என்ற ஆசை நியாயமானது, நல்ல சஸ்பென்ஸ் படத்தின் பாதி ருசி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. அதற்குத் தியேட்டர் வாசல் இடமில்லை. கேட்டைத் தாண்டி, செகண்ட் ஷோ கூட்டத்தைத் தாண்டி, டீக்கடைக்குப் போங்கள். உட்கார்ந்ததும் "எல்லாரும் பாத்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பக்கத்து பெஞ்சில் இருப்பவரையும் சேர்த்து. பார்க்கவில்லை என்று ஒருத்தர் சொன்னாலும் பேச்சை மாற்றுங்கள், அல்லது கிளாஸோடு நாலடி தள்ளிப் போய் நின்று பேசுங்கள்.