குட்டி போடும் மீன்கள்: ஆண், பெண் பார்ப்பதிலிருந்து குட்டிகளைத் தேற்றுவது வரை

வீட்டில் முதன்முதலாக மீனை இனப்பெருக்கம் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் குட்டி போடும் மீன்களைத்தான் சொல்வேன். கப்பி, மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில் எல்லாம் இந்த வகை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, நீந்தத் தெரிந்த குட்டியாகவே வெளியே வரும். சென்னைக்காரர்கள் கொளத்தூர் பக்கம் போனால் நான்கும் கிடைக்கும்.

படி 1: ஆண், பெண் பார்த்து வாங்குங்கள்

நிறத்தை நம்பாதீர்கள். கப்பியில் அது சரிப்படும்: ஆண் சின்னது, வண்ண வால், பெண் பெரியது, மங்கலான உடம்பு. மோலியிலும் பிளாட்டியிலும் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்கும். ஸ்வார்ட்டெயில் ஆணுக்கு வாலின் கீழ்ப்பகுதி வாள் போல நீண்டிருக்கும், ஆனால் இளசாக இருந்தால் வாள் முளைத்திருக்காது.

அதனால் அடிவயிற்றுக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறி போல விரிந்திருக்கும். ஆணுக்கு அதே துடுப்பு குச்சி போல மெலிந்து, பின்னோக்கிச் சாய்ந்து உடம்போடு ஒட்டியிருக்கும். தொட்டியில் ஓடும் மீனில் இது கண்ணுக்குச் சிக்காது. கடைக்காரரிடம் பையில் பிடித்துத் தரச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரே வாரத்தில் கண் பழகிவிடும்.

ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆண் ஓயாமல் துரத்தி, ஒரே பெண்ணைச் சோர வைத்துவிடும்.

"பெண் மட்டும்தானே வாங்கினேன், எப்படிக் குட்டி போட்டது?" என்று பலர் கேட்பார்கள். ஒருமுறை இணை சேர்ந்த பெண், ஆணின் விந்தணுவைப் பல மாதம் உடம்பிலேயே சேமித்து வைத்திருக்கும்.

படி 2: தொட்டி

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். கொஞ்சம் கடினமான போர் தண்ணீர் இவற்றுக்குப் பிடிக்கும், முக்கியமாக மோலிக்கு. ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகையாக இருக்கட்டும். மற்றவை குட்டியை உறிஞ்சிவிடும். ஹைட்ரில்லா அல்லது ஜாவா மாஸ் என்ற நீர்ச்செடியை அடர்த்தியாகப் போடுங்கள். வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது.

படி 3: சினை பார்ப்பது

பெண்ணின் அந்த விசிறித் துடுப்புக்குச் சற்று மேலே வயிற்றில் ஒரு கருநிறப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வரும். கருப்பு மோலியில் இது தெரியாது, வயிற்றின் அளவை வைத்துத்தான் சொல்ல வேண்டும். கப்பிக்குச் சினைக்காலம் மூன்று முதல் நான்கு வாரம். கடைசி நாட்களில் வயிறு பக்கவாட்டில் சதுரமாகத் தோன்றும். வெளிர் நிறப் பெண்ணாக இருந்தால், தோலுக்கு உள்ளே குட்டிகளின் கண்கள் கடுகுப் புள்ளிகளாகத் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது தொட்டியை விட்டு நகர எனக்கு மனமே வரவில்லை.

இந்த நேரத்தில் தாயைச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றாதீர்கள். நான் அப்படி மாற்றிய ஒரு பிளாட்டி, பயந்து முட்டி மோதி, மஞ்சள் கரு ஒட்டியபடியே குறைக்குட்டிகளைப் போட்டது. ஒன்றும் பிழைக்கவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே, செடி நிறைந்த தனித்தொட்டிக்கு மாற்றுங்கள்.

குட்டி சுருண்டபடி வந்து விழும். ஒரு கணம் அடியில் கிடக்கும், அப்புறம் நிமிர்ந்து நேராகச் செடிக்குள் பாயும்.

படி 4: குட்டிகளைத் தேற்றுவது

தாயே குட்டியைத் தின்னும். அதனால் போட்டு முடித்ததும் தாயைப் பழைய தொட்டிக்கு எடுத்துவிடுங்கள். தனித்தொட்டி இல்லையென்றால் செடிதான் காவல்.

தினமும் மூன்று, நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனி போடுங்கள். உப்புத் தண்ணீரில் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகைக் குஞ்சுதான் சிறந்தது. அது கிடைக்காவிட்டால், அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வைத்துத் தண்ணீரில் பிழிந்து சில சொட்டு விடலாம். அளவு மிஞ்சினால் அன்று மாலையே தண்ணீர் நாறும். வாரம் இருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள்.

நான்கு வாரம் ஆனதும் துடுப்பைப் பார்க்கத் தொடங்குங்கள். குச்சியாக மாறுவதை உடனே பிரித்தெடுங்கள். தாமதித்தால் அண்ணன் தங்கைக்குள்ளேயே சினை பிடித்துவிடும். மிஞ்சிய மீனை நண்பர்களுக்கோ கடைக்கோ கொடுங்கள், ஏரியிலோ ஆற்றிலோ விட வேண்டாம். அங்கிருக்கும் நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் இவை பிடித்துக்கொள்ளும்.

குட்டி போட்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆண் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அதே தாய் அடுத்த மாதம் மறுபடி போடும்.